சார், கேக்குதா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து வரும் கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: கல்லூரிக்கு நேரில் போவதா, ஆன்லைனில் படிப்பதா? 31 வருடம் வகுப்பறையில் நின்று வணிகவியல் நடத்தியவன் நான். ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு வருடம் திரைக்கு முன்னால் உட்கார்ந்தும் நடத்தினேன். அதனால் இந்த இதழ் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே தருகிறேன்.

● ஆன்லைனா, நேர் வகுப்பா? ஒரே வரியில் சொல்லுங்கள்.
*பிளஸ் டூ முடித்த மாணவர், ஆரணி*

17 வயதுக்கு நேர் வகுப்பு, 37 வயதுக்கு ஆன்லைன்.

● அதே ஆசிரியர், அதே புத்தகம், அதே பரீட்சை. நேரில் கேட்டால் என்ன, திரையில் கேட்டால் என்ன?
*ஒரு தந்தை, கும்பகோணம்*

இதே கேள்வியை அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 2020-இல் சோதித்தே பார்த்துவிட்டார்கள். எடுத்துக்கொண்டது பொருளாதார அடிப்படைப் பாடம். யாருக்கு நேர் வகுப்பு, யாருக்கு ஆன்லைன் என்பதை மாணவர்கள் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் போலப் பிரித்தார்கள். ஒரே ஆசிரியர் சில பிரிவுகளுக்கு நேரிலும் மற்றவற்றுக்கு ஆன்லைனிலும் நடத்தினார். நீங்கள் சொன்னபடியே பாடமும் ஒன்று, பரீட்சையும் ஒன்று. அது ராணுவக் கல்லூரி என்பதால் ‘நெட் இல்லை, போன் இல்லை, வீட்டில் இடமில்லை’ என்ற காரணங்களுக்கும் இடமில்லை.

ஆன்லைன் பிரிவினர் மதிப்பெண்ணில் பின்தங்கினார்கள். நான் கவலையோடு படித்தது அதற்கு அடுத்த வரியை. நன்றாகப் படிக்கிறவர்களுக்கு இழப்பு பெரிதாக இல்லை. சேரும்போதே தடுமாறிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. நம் ஊரிலோ ‘இவனுக்கு ஆன்லைன் போதும்’ என்று வீட்டில் முடிவெடுப்பது பெரும்பாலும் மார்க் குறைந்த பிள்ளையைப் பார்த்துத்தான். வகுப்பறை யாருக்கு அதிகம் தேவையோ, அவரையே முதலில் வெளியே நிறுத்துகிறோம்.

● கொரோனா காலத்தில் எங்களுக்கு ஆன்லைனில் நடத்தினீர்களே, அப்போது எது உங்களை அதிகம் வருத்தியது?
*பழைய மாணவி, விருத்தாசலம்*

மௌனம்தான் அம்மா.

வகுப்பறையில் தேய்மானக் கணக்கு போடும்போது மூன்றாவது பெஞ்சில் ஒரு பேனா நின்றுவிட்டால் போதும், எனக்குத் தெரிந்துவிடும். நேர்கோட்டு முறை வரை கூடவே வந்தவர், குறைந்துசெல் மதிப்பு முறையில் வழி தவறிவிட்டார் என்று அர்த்தம். பலகையை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன். திரையில் எனக்குத் தெரிந்தது 62 வட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் எழுத்து. ‘சார், கேக்குதா?’ என்று நீங்களும் ‘உங்களுக்குக் கேக்குதா?’ என்று நானும் கேட்பதிலேயே பத்து நிமிடம் போகும். மீதி நேரம் முழுக்க நான் ஒருவன்தான் பேசிக்கொண்டிருப்பேன். ‘புரிஞ்சுதா?’ என்றால் சாட்டில் வரிசையாக ‘எஸ் சார்’ வந்து விழும். அந்த ‘எஸ் சார்’களில் எது புரிந்து வந்தது, எது பக்கத்து ஆளைப் பார்த்து வந்தது என்று கண்டுபிடிக்க என்னிடம் எந்த வழியும் இல்லை.

உங்கள் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள், நினைவிருக்கும். வாரத்தில் மூன்று நாள் வருவாள், இரண்டு நாள் வரமாட்டாள். ஒழுங்கில்லாத மாணவி என்று நினைத்துக்கொண்டேன். கல்லூரி திறந்த பிறகு நோட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்தாள். “சார், செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் நடத்தினது எதுவும் எங்கிட்ட இல்ல” என்றாள். வீட்டில் ஒரே போன். அந்த இரண்டு நாளும் பாலிடெக்னிக் படிக்கும் அண்ணன் முறை. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜி.பி. டேட்டா இலவசமாகக் கொடுத்தது. நல்ல காரியம்தான், பலருக்குக் கை கொடுத்தது. அந்த வீட்டிலும் இரண்டு டேட்டா கார்டு வந்திருக்கும். போன் ஒன்றாகவேதான் இருந்தது.

வகுப்பறையாக இருந்தால் முதல் வாரமே அவள் இடம் காலியாக இருப்பதைப் பார்த்து, பக்கத்துப் பெண்ணிடம் விசாரித்திருப்பேன். அந்தப் பாதி நோட்டு இன்றைக்கும் என் மனதை விட்டுப் போகவில்லை.

● பதிவு செய்த வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறேன். தப்பா?
*இரண்டாமாண்டு மாணவர், நாகர்கோவில்*

தப்பில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் 2021-இல் சோதித்துப் பார்த்தார்கள். இரட்டை வேகம் வரை புரிதல் பெரிதாகக் குறையவில்லை, அதைத் தாண்டினால்தான் குறைந்தது. மிச்சமாகும் அரை மணி நேரத்தில் வீடியோவை மூடிவிட்டு, பார்த்ததை வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். தாள் நிரம்பவில்லை என்றால் மறுபடியும் பாருங்கள், இந்த முறை சாதாரண வேகத்தில்.

● கேமராவை ‘ஆன்’ செய்யச் சொல்லி வற்புறுத்துவது சரியா?
*உதவிப் பேராசிரியர், ஈரோடு*

ஒரு மணி நேரம் முழுக்க வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் திரைச் சந்திப்புகள் ஏன் இப்படிக் களைப்பூட்டுகின்றன என்று 2021-இல் விளக்கி எழுதினார். எல்லோர் முகமும் மிக அருகில் நம்மையே உற்றுப் பார்ப்பது, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் ஓரிடத்தில் உட்கார்வது என்று அவர் சொல்லும் காரணங்கள் எல்லாம் நாம் அனுபவித்தவைதான். இவற்றோடு இன்னொன்றும் உண்டு. மாணவரின் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை ஊருக்குக் காட்ட எல்லா வீட்டுக்கும் மனம் வராது. ஓட்டைத் தகரமோ, படுக்கையில் கிடக்கும் பாட்டியோ அங்கே இருக்கலாம். முகம் கேட்காதீர்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டுக் குரலைக் கேளுங்கள். ஒரு வகுப்புக்கு எட்டுப் பேர் என்று வைத்துக்கொண்டால் வாரத்தில் எல்லோர் குரலும் உங்கள் காதில் விழுந்துவிடும்.

● கல்லூரியில் என்.பி.டி.இ.எல். பாடம் எடுக்கச் சொல்கிறார்கள். வாராந்திர அசைன்மென்ட் விடைகள் வாட்ஸப் குழுவிலேயே வந்துவிடுகின்றன. அதையே போட்டுவிடலாமே?
*பொறியியல் மாணவர், காரைக்குடி*

போடலாம், அது 25 மார்க்கோடு நின்றுவிடும். மீதி 75 மார்க் தேர்வு மையத்தில், கண்காணிப்பாளர் முன்னால். சான்றிதழ் வேண்டுமானால் அசைன்மென்ட்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 இரண்டுமே வேண்டும். வாட்ஸப் குழு மையத்துக்குள் வராது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள் தம்பி. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் இதைத் தொடங்காமல் இருந்திருந்தால், அங்குள்ள ஒரு பேராசிரியர் நடத்துவதைக் கேட்க ஒரே வழி, அந்த வளாகத்துக்குள் இடம் பிடிப்பதுதான். லட்சக்கணக்கானவர்கள் எழுதிச் சில ஆயிரம் பேர் உள்ளே போகும் இடம் அது. இன்று அவர் காரைக்குடியில் உங்கள் மேசைக்கே வருகிறார், கட்டணமும் தேர்வுக்கு மட்டும்தான். நான் மாணவனாக இருந்தபோது இப்படி ஒரு வாய்ப்பு வந்திருந்தால் தூங்கியிருக்கவே மாட்டேன்.

● ஜே.இ.இ. எழுதாமலே ஐ.ஐ.டி. மெட்ராஸில் பட்டம் என்கிறார்கள். இது உண்மையான பட்டமா? மகனைச் சேர்க்கலாமா?
*ஒரு தாய், சிவகாசி*

உண்மையான பட்டம் அம்மா. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பு அது. ஜே.இ.இ. வேண்டாம், வயது வரம்பும் கிடையாது. அதற்காக நேராக உள்ளே போய்விட முடியாது. நான்கு வாரம் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால்தான் சேர்க்கை. பாடம் ஆன்லைனில், தேர்வு மட்டும் மையத்துக்குப் போய் நேரில். அடித்தளம், டிப்ளமா, பட்டம் என்று படிப்படியாகப் போகும். இடையில் நிற்க வேண்டி வந்தாலும் அதுவரை படித்ததற்குச் சான்றிதழ் உண்டு.

சேர்க்கலாம், ஆனால் இதை மட்டும் நம்பி 17 வயதுப் பையனை வீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். நேரில் ஒரு பட்டமும் ஆன்லைனில் ஒரு பட்டமும் ஒரே சமயத்தில் படிக்க யு.ஜி.சி. 2022-இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி.யோ பி.காமோ சேர்த்துவிட்டு, இதையும் சேர்த்துப் படிக்கட்டும். ஒரு பாடத்துக்கே வாரம் பத்து மணி நேரம் பிடிக்கும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

● ‘வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் பி.இ. சிவில், யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டு’ என்று ஒருவர் தினமும் போன் செய்கிறார். 40,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார்.
*டிப்ளமா முடித்தவர், ஓசூர்*

கொடுக்காதீர்கள். இன்றைக்கே அந்த எண்ணைத் தடை செய்யுங்கள்.

பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, பல் மருத்துவம், பிசியோதெரபி, சட்டம், கட்டடக்கலை, விவசாயம், ஹோட்டல் மேனேஜ்மென்ட் ஆகிய எதையும் ஆன்லைனிலோ தொலைநிலையிலோ பட்டப்படிப்பாக நடத்த யு.ஜி.சி. விதிகளில் அனுமதி இல்லை. தொலைநிலையில் நடத்திய பொறியியல் படிப்புகள் பற்றி 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் எத்தனையோ பேரின் பட்டம் கேள்விக்குள்ளானது. பதவி உயர்வு வாங்கி, கல்யாணம் செய்து, வீட்டுக்கடன் எடுத்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வயதில் மறுபடி பரீட்சைக்கு உட்கார வேண்டி வந்தது. அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம்.

மற்ற படிப்புகளுக்கும் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டி.இ.பி.) இணையதளத்தில் எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்த ஆண்டு என்று பட்டியல் இருக்கிறது. மூன்றும் பொருந்த வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பதும் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருப்பதும் வேறுவேறு. ஏமாற்றுகிறவர்கள் இந்த இடைவெளியில்தான் புகுந்துகொள்கிறார்கள். சேர்வதற்கு வேண்டிய டி.இ.பி. அடையாள எண்ணை நீங்களே உங்கள் போனில் எடுங்கள், ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள்.

முறையான வழியும் இருக்கிறது. டிப்ளமா முடித்தவர்கள் கவுன்சலிங் மூலம் நேரடியாக இரண்டாமாண்டு பி.இ.யில் சேரலாம். வேலையில் இருப்பவர்களுக்கென்று வகுப்பு நேரத்தை மாற்றி நடத்தவும் சில கல்லூரிகள் அனுமதி பெற்றிருக்கின்றன, விசாரியுங்கள்.

● டைட்ரேஷனைக் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்கும் வசதி வந்துவிட்டது. வேதியியல் லேப் இனி எதற்கு?
*முதலாமாண்டு மாணவி, திண்டிவனம்*

ஒரு சொட்டு கூடிப்போய்க் குடுவை முழுக்கக் கருஞ்சிவப்பாவதைப் பார்த்து, ‘ஐயோ’ என்று முதலிலிருந்து தொடங்குவதற்கு. கம்ப்யூட்டரில் முதலில் பழகிக்கொள்ளுங்கள், நல்லதுதான். கைக்கு வரவேண்டியது கையால்தான் வரும்.

● பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். வயது 38. பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டது. இனிமேல் படித்தால் மதிப்பார்களா?
*ஒரு வாசகர், திருப்பூர்*

மதிப்பார்கள். அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லிருந்தும், இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-லிருந்தும் உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கின்றன.

என் அக்கா கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து அஞ்சல்வழியில் பி.ஏ. படித்தார். தபால்காரர் கொண்டுவந்த பழுப்பு உறையைப் பிரித்த நாளில் பாடப்புத்தகத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் படிப்பு. அண்ணாமலை, மதுரை காமராசர், சென்னைப் பல்கலைக்கழகங்களின் அஞ்சல்வழிப் படிப்பில் இப்படி எத்தனை ஆசிரியைகள், குமாஸ்தாக்கள், காவலர்கள் மேலே வந்தார்கள்! ஆன்லைன் வகுப்புக்கு மூத்த சகோதரி அந்தப் பழுப்பு உறைதான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சனி, ஞாயிறில் நடக்கும் தொடர்பு வகுப்புகளுக்கு ஓவர்டைமை விட்டுவிட்டாவது போங்கள். 38 வயதில் ‘நான் மட்டும்தான் இப்படிப் படிக்கிறேன்’ என்ற கூச்சம் வரும். அங்கே போய் உட்கார்ந்தால் பக்கத்தில் 45 வயதுக்காரர் ஒருவர் பேனாவுக்கு மூடி தேடிக்கொண்டிருப்பார்.

● கல்லூரியில் கற்கக்கூடிய, ஆன்லைனில் கற்க முடியாத ஒன்று?
*ஒரு வாசகி, பட்டுக்கோட்டை*

நமக்குப் பிடிக்காதவரோடு மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்வது.

● நான் சக்கர நாற்காலியில் இருப்பவன். வகுப்பு இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. ‘ஆன்லைன்ல படிச்சுக்கோயேன்’ என்கிறார்கள். ஏற்பதா?
*மாணவர், தஞ்சாவூர்*

ஆன்லைன் உங்கள் விருப்பமாக இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். படிக்கட்டு இல்லை, பேருந்து இல்லை, பாடத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். காது கேளாதவர்களுக்கு எழுத்து வடிவமும் பல பாடங்களில் கிடைக்கிறது. எத்தனையோ பேருக்குக் கதவைத் திறந்த வசதி அது.

ஆனால் லிஃப்ட் கட்டாமல் இருப்பதற்கு அது சாக்காகக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017-லிருந்து அமலில் இருக்கிறது; நீங்கள் போய்வரக்கூடிய வளாகம் உங்கள் உரிமை. லிஃப்ட் வரும் வரை உங்கள் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லி முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். கையெழுத்துப் போட வகுப்புத் தோழர்களையும் அழைத்துப் போங்கள். ஒரு வகுப்பு கீழே இறங்கி வர ஒரு நாள் போதும்.

● யூடியூபில் உலகத்தின் தலைசிறந்த பேராசிரியர்கள் இருக்கும்போது என்னைப் போன்ற கௌரவ விரிவுரையாளர் எதற்கு?
*ஒரு விரிவுரையாளர், அறந்தாங்கி*

மனம் தளர்ந்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

2011-இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் இருபதாயிரத்துக்குச் சற்று மேல். அதுவே பெரிய சாதனைதான். த்ரன் ஆரம்பித்த நிறுவனம் அடுத்து 2013-இல் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, கணிதத்தில் பின்தங்கியவர்களுக்கும் பாடம் நடத்தியது. முதல் பருவத்தில் தேர்ச்சி மிகக் குறைந்ததால் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். தானாக ஓடுகிறவருக்குப் பாதையைக் காட்டினால் போதும். நடக்கப் பழகுகிறவருக்குக் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அறந்தாங்கியில் அந்த ஆள் நீங்கள்தான்.

இன்னொன்று, ஹார்வர்டில் 2019-இல் வெளியான இயற்பியல் வகுப்பு ஆய்வு. அருமையாக ஓடும் விரிவுரையைக் கேட்ட மாணவர்கள் ‘நிறையக் கற்றோம்’ என்று நினைத்தார்கள். தாங்களே கணக்கோடு முட்டிமோதிய மாணவர்கள் ‘குறைவாகத்தான் கற்றோம்’ என்று நினைத்தார்கள். தேர்வு வைத்தால் முட்டிமோதியவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். தலைசிறந்த விரிவுரையை யூடியூப் கொடுக்கட்டும்; நாளைக்கே மாணவர்களை வீட்டில் அதைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். வகுப்பு நேரம் முழுக்கக் கணக்கு அவர்கள் கையில், நீங்கள் பெஞ்சுகளுக்கு நடுவில்.

உங்கள் சம்பளத்தைப் பற்றி எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். அதற்கான போராட்டத்தில் நான் உங்கள் பக்கம்.

● பி.எஸ்சி. கணிதத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கல்லூரி 28 கிலோமீட்டர். ‘வீட்லயே இருந்து ஆன்லைன்ல படி, டிகிரி ஒண்ணுதானே’ என்கிறார் அப்பா. என்ன சொல்வது?
*மாணவி, கள்ளக்குறிச்சி அருகே ஒரு கிராமம்*

இந்தப் பக்கத்தை அப்படியே அப்பாவிடம் கொடுத்துவிடு அம்மா. இனி நான் பேசுவது அவரோடு.

ஐயா, வணக்கம். பெண்ணைப் படிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு இருப்பதால்தான் ஆன்லைன் என்றாவது சொல்கிறீர்கள். உங்கள் பயமும் எனக்குப் புரிகிறது. எனக்கும் பெண் உண்டு. ஆனால் வீட்டில் உட்கார்ந்து படிக்கும் பெண்ணை வீடு மாணவியாகப் பார்ப்பதில்லை. அவள் காதில் வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘அந்தக் குக்கரை அணைச்சிட்டு வா’ என்போம், விருந்தாளி வந்தால் டீ போடச் சொல்வோம். நம் மேல் தப்பு என்று நமக்கே தோன்றாது, கண்ணெதிரே இருப்பவளைத்தானே கூப்பிடுகிறோம் என்றிருக்கும். கல்லூரிக்குப் போனவளைக் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை யாராலும் கூப்பிட முடியாது. கணிதத்துக்கு அந்த ஒன்பது மணி நேரம் வேண்டும் ஐயா.

செலவைச் சொல்வீர்கள். அரசின் சாதாரண நகரப் பேருந்தில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் தடத்தில் அது ஓடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாணவர் பஸ் பாஸ் இருக்கிறது. அவள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். அதுவும் கல்லூரிக்குப் போய்ப் படித்தால்தான், தொலைதூரப் படிப்புக்கு இல்லை.

முதல் வாரம் நீங்களும் கூடப் போய்வாருங்கள். அதே பேருந்தில் பக்கத்து ஊர்களிலிருந்து வரும் நான்கு பெண்களை உங்களுக்கே தெரியவரும். அவர்கள் வீட்டு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரம் அவளே போய்வருவாள்.

● அப்பா இல்லை, வேலைக்குப் போய்க்கொண்டே ஆன்லைனில் பி.காம். படிக்கிறேன். வேறு வழியில்லை. யாரோடும் பேசாமல் படிப்பதால் விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.
*மாணவர், மதுரை*

விட்டுவிடாதீர்கள் தம்பி. உங்கள் கஷ்டம் பாடத்தில் இல்லை, தனியாகப் படிப்பதில்தான் இருக்கிறது. அதற்கு வழி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு விடுமுறை நாளில் லேப்டாப்போடு போங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் உங்களைப் போல ஆன்லைனில் படிக்கிறவர்களும் மேசை மேசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரே மேசைக்கு நான்கு வாரம் தொடர்ந்து போனால் எதிரில் இருப்பவர் ‘டீ குடிக்க வர்றீங்களா?’ என்று கேட்பார். அவர் கேட்கவில்லையென்றால் நீங்கள் கேளுங்கள்.

கணக்குப்பதிவியலில் எந்த அத்தியாயம் நிற்கிறது என்று எனக்கு ஓர் அட்டை போடுங்கள், விளக்கி எழுதுகிறேன். மதுரையில் இதே பி.காமை ஆன்லைனிலோ அஞ்சலிலோ படிக்கும் வாசகர்களும் இந்த அலுவலகத்துக்கு எழுதலாம். இவருடைய சம்மதம் கேட்டு உங்களை இணைத்துவைப்பது என் பொறுப்பு.